மூளியும் ஓர் அழகோ?

பெங்களூரில் அல்சூர் ஏரிக்கு அருகில் நான் குடியிருக்கும் கட்டடத்தின் கீழ்த்தளத்தில், சேலத்திலிருந்து வந்து குடியேறிய குடும்பம் ஒன்று இருக்கிறது. வீட்டுக்காரர் இயந்திர உதிரிப் பாகங்கள் விற்பவர். மனைவி பள்ளி ஆசிரியை. ஒரே மகன், அவனுக்கு அப்போது வயது பத்து. மூன்று ஆண்டுகளுக்கு முன் அவர்கள் ஒரு டாபர்மன் நாய்க்குட்டியை விலைக்கு வாங்கி வந்தார்கள். கருநிற உடல், புருவங்களின்மேல் இரண்டு செம்புள்ளிகள், ஆலிலைபோல் மடிந்து தொங்கும் இரண்டு காதுகள். படியேறத் தெரியாமல் அது தடுமாறும்போது அக்காதுகள் முன்னும் பின்னும் ஆடும். பள்ளியில் சோழர் வரலாறு படித்துக்கொண்டிருந்த சிறுவன், அதற்குக் கரிகாலன் என்று பெயர் சூட்டினான்.

ஒருநாள் மாலை அவ்வீட்டுக்காரர் என்னைத் தேடி வந்தார். "சார், குட்டி வாங்கிய இடத்தில் ஒன்று சொன்னார்கள். காதைக் கிராப்பு செய்தால்தான் டாபர்மன் என்று பார்ப்பவர்கள் மதிப்பார்களாம். ஞாயிற்றுக்கிழமை கொண்டு போகலாம் என்றிருக்கிறேன். நீங்கள் படித்தவர். என்ன சொல்கிறீர்கள்?" என்று கேட்டார்.

நேயர்களே, 'கிராப்பு' என்ற சொல்லைத் தமிழர்களாகிய நாம் நெடுங்காலமாக எதற்கு வழங்கி வருகிறோம்? குடுமியை எடுத்துவிட்டுத் தலைமயிரைக் கத்தரித்துக்கொண்ட நாள் முதலாக, கிராப்பு என்றால் நமக்கு முடிவெட்டுதான். என் நண்பரின் காதிலும் அச்சொல் அப்படியேதான் விழுந்திருந்தது. எனக்கு அதன் பொருள் தெரியும். தெரிந்திருந்தும், பிறர் வீட்டுக் காரியத்தில் தலையிடுவானேன் என்று எண்ணி, "உங்கள் விருப்பம்" என்று கூறி அனுப்பிவிட்டேன்.

ஞாயிறு மாலை கரிகாலன் வீடு திரும்பியது. தலை முழுவதும் கட்டு. காதுகள் இரண்டும் அட்டை போன்ற ஒன்றின்மேல் நிமிர்த்தி வைக்கப்பட்டு, ஒட்டுநாடாவால் சுற்றப்பட்டிருந்தன. அன்றிரவும் அடுத்த பல இரவுகளும் அது முனகிக்கொண்டே கிடந்தது. ஒருநாள் அலுவலகம் முடிந்து நான் வரும்போது, சிறுவன் அதை மடியில் வைத்துக்கொண்டு படிக்கட்டில் அமர்ந்திருந்தான். என்னை நிமிர்ந்து பார்த்து, "மாமா, கிராப்பு வெட்டினால் முடி மறுபடியும் வளர்ந்துவிடுமே. இதற்குக் காது மறுபடியும் வளருமா?" என்று கேட்டான்.

அவனுக்குச் சொல்ல என்னிடம் விடை இல்லை. சொல்ல வேண்டியதை அவன் தந்தை கேட்டபோதே சொல்லியிருக்க வேண்டும். அன்று சொல்லத் தவறியதை இன்று உங்களிடம் சொல்ல வந்திருக்கிறேன்.

நான் மத்திய அரசு அலுவலகம் ஒன்றில் மொழிபெயர்ப்பாளன். ஒரு சொல்லுக்கு நேரான இன்னொரு சொல்லைத் தேடுவதே என் அன்றாடத் தொழில். சிறுவன் கேட்ட அன்றிரவு, 1960ஆம் ஆண்டின் பிராணி வதைத் தடுப்புச் சட்டத்தை எடுத்துப் பார்த்தேன். குற்றங்களை அடுக்கிச் சொல்லும் அதன் 11ஆம் பிரிவில் 'மியூட்டிலேட்' என்னும் ஆங்கிலச் சொல் வருகிறது. அதற்குத் தமிழ் என்ன? 'சிதைத்தல்' என்றால் பொருள் மிகவும் விரிந்துவிடுகிறது. 'ஊனப்படுத்துதல்' என்றால் ஓரளவு பொருந்துகிறது. தேடிக்கொண்டே போனபோது, பழந்தமிழில் சரியான சொல் கிடைத்தது: 'உறுப்பறை'. உறுப்பினை அறுத்தல் என்பது இதன் பொருள். தொல்காப்பியர் மெய்ப்பாட்டியலில், வெகுளி என்னும் உணர்ச்சி தோன்றுவதற்கு நான்கு காரணங்களைக் கூறுகிறார். அவற்றுள் முதலாவதாக வைக்கப்பட்டிருப்பது இந்த உறுப்பறைதான். உறுப்பை அறுக்கக் கண்டால் மனிதனுக்குச் சினம் பிறப்பது இயல்பு என்று கருதிய மொழி நம்முடையது. எனக்கோ அன்று சினம் பிறக்கவில்லை. 'கிராப்பு' என்ற சொல் அதனை மறைத்துவிட்டது. 'காதை அறுக்கப் போகிறேன்' என்று நண்பர் தமிழில் சொல்லியிருந்தால் நானும் திடுக்கிட்டிருப்பேன். சொல்ல அவருக்கும் நா எழுந்திராது.

இனி, இச்செயல் எவ்வாறு நடக்கிறது என்று பார்ப்போம். குட்டிக்கு ஏழு வாரம் முதல் பன்னிரண்டு வாரம் வரை ஆகும் பருவத்தில், காது மடலின் ஒரு பகுதியைக் குருத்தெலும்போடு சேர்த்து வெட்டி எடுக்கிறார்கள். முறைப்படி செய்தால் மயக்க மருந்து கொடுத்து, வெட்டிய விளிம்பைத் தைக்க வேண்டும். பிறகு, எஞ்சிய மடல் நிமிர்ந்து நிற்பதற்காக வாரக் கணக்கில், சில வேளைகளில் மாதக் கணக்கில், தாங்கி வைத்துக் கட்ட வேண்டும். கட்டை அவிழ்த்து மாற்றும் ஒவ்வொரு முறையும் புண் நோகும். புண்ணில் சீழ் பிடிக்கலாம். தழும்பு சுருங்கிக் காது கோணலாகலாம். இத்தனைக்கும் பிறகு காது நிற்காமலே போவதும் உண்டு. முறைப்படி செய்தால் உள்ள துன்பம் இது. மருத்துவப் பயிற்சி இல்லாத கைகள், மயக்க மருந்தும் இன்றிச் செய்தால் குட்டி படும் பாட்டை நான் விரித்துரைக்கத் தேவையில்லை.

வாலின் கதையும் இதுதான். டாபர்மன் குட்டிகளுக்குப் பிறந்த சில நாள்களுக்குள்ளேயே வாலை வெட்டிவிடுவது வழக்கம். விலைக்கு வாங்குகிறவர் குட்டியைப் பார்க்கும்போது வால் ஏற்கெனவே போயிருக்கும். அதனால், அந்த நாய்க்கு வாலே இல்லை என்று எண்ணிக்கொண்டிருக்கும் பெரியவர்களும் நம்மிடையே இருக்கிறார்கள்.

இவ்வழக்கம் எங்கிருந்து வந்தது? டாபர்மன் என்பது ஒரு மனிதரின் பெயர். ஜெர்மனியில், தூரிங்கியாவில் உள்ள அபோல்டா என்னும் ஊரில் 19ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த கார்ல் ஃபிரெட்ரிக் லூயி டாபர்மன் என்பவர் வரி தண்டும் தொழிலில் இருந்தார். பணத்தோடு தனியே நடக்க வேண்டியவருக்குத் துணையாக வரத்தக்க காவல் நாய் ஒன்று வேண்டியிருந்தது. அதற்காக அவர் வளர்த்தெடுத்த இனம் இது. சண்டையில் எதிரி பற்றி இழுப்பதற்குக் காதும் வாலும் இடம் கொடுக்கலாகாது என்பது, காவல் நாய்களுக்கும் வேட்டை நாய்களுக்கும் அந்நாளில் சொல்லப்பட்ட காரணம். இதனினும் பழைய காரணங்களும் உண்டு. ஏறத்தாழ 2,000 ஆண்டுகளுக்கு முன் வேளாண்மை பற்றி நூல் எழுதிய கொலுமெல்லா என்னும் உரோமானியர், குட்டி பிறந்த நாற்பதாம் நாளில் வாலின் நுனியை நீக்கிவிட்டால் நாய்க்கு வெறி பிடிக்காது என்ற இடையர்களின் நம்பிக்கையைக் குறித்துவைத்தார். வெறிநோய் வைரசால் வருவது. அதனைத் தடுப்பது தடுப்பூசி. இது இன்று பள்ளிப் பிள்ளைகளுக்கும் தெரியும். நம்பிக்கை போயிற்று, கத்தி மட்டும் நின்றுவிட்டது.

இதை அயல்நாட்டு மோகம் என்று சொல்லி நாம் கைகழுவிவிடவும் முடியாது. என் சொந்த ஊர் இராசபாளையத்திற்கு அருகில் உள்ள ஒரு சிற்றூர். நாட்டு நாய்க்குட்டியின் காது நுனியை அரிந்துவிட்டால் அது சுறுசுறுப்பாகக் காவல் காக்கும் என்று நம்பிய முதியவர்களை என் சிறுவயதில் கண்டிருக்கிறேன். அரிந்த குட்டியும் குரைத்தது. அரியாத குட்டியும் குரைத்தது. வேறுபாடு ஒன்றையும் நான் காணவில்லை.

காதறுத்தலை ஆதரிப்போர் இன்று கூறும் காரணங்களையும் நேர்மையோடு எண்ணிப் பார்க்க வேண்டும். தொங்கும் காதில் நோய் வரும், நிமிர்ந்த காதில் வராது என்பது முதற்காரணம். காதுநோய்க்குப் பேர்பெற்ற இனம் காக்கர் ஸ்பானியல். அதன் காதோ தரையைத் தொடும்படி தொங்குகிறது. அதை யாரும் அறுப்பதில்லை. நோய் தடுப்பதே நோக்கமானால் முதலில் அறுக்க வேண்டியது அந்தக் காதையல்லவா? நோக்கம் நோய் தடுப்பது அன்று. தோற்றம்தான் என்பது இதனாலேயே விளங்கும்.

நிமிர்ந்த காதினால் நாய் நன்றாகக் கேட்கும் என்பது இரண்டாவது காரணம். மனிதக் காதுக்கு எட்டும் ஒலி நொடிக்கு ஏறத்தாழ 20,000 அதிர்வுகள் வரை. நாயின் காது 45,000 அதிர்வுகள் வரையுள்ள ஒலியையும் கேட்க வல்லது. மடல் தொங்கினாலும் கதவருகே வரும் காலடியை நமக்கு முன்பே அது அறிந்துகொள்கிறது. அத்தகைய செவிக்கு நம் கத்தியின் உதவி வேண்டுவதில்லை. மேலும், காது மடல் கேட்பதற்கு மட்டும் உரிய உறுப்பன்று. அது பேசுவதற்கும் உரிய உறுப்பு. அஞ்சும்போது நாய் காதைப் பின்னே படியவைக்கும். கூர்ந்து நோக்கும்போது முன்னே தூக்கும். பணிவைக் காட்டும்போது தாழ்த்தும். காதையும் வாலையும் கொண்டுதான் ஒரு நாய் இன்னொரு நாயோடும், நம்மோடும் உரையாடுகிறது. இரண்டையும் எடுத்துவிட்டால், வாய்பேசாத அவ்வுயிரின் மொழியில் பாதி எழுத்துகளை நாம் அழித்துவிடுகிறோம். மொழியையே தொழிலாகக் கொண்ட எனக்கு இது மிகவும் உறுத்துகிறது.

"நம் குழந்தைகளுக்குக் காது குத்துகிறோமே, அது மட்டும் என்ன?" என்று ஓர் அன்பர் என்னைக் கேட்டார். நல்ல கேள்வி. தாய்மாமன் மடியில் வைத்து நாம் குத்துவது ஊசியளவுத் துளை; அது சில நாளில் ஆறிவிடும்; மடல் முழுமையாகவே இருக்கும். துளையிட்ட காதில் தோடு அணிவிக்கிறோம். தோடில்லாத வெறுங்காதையும், விளிம்பு உடைந்த பானையையும், உறுப்புக் குறைந்ததையும் தமிழர் ஒரே சொல்லால் குறித்தனர். அச்சொல் 'மூளி'. மூளிப் பானையைப் பொங்கல் வைக்கவும் எடுக்கமாட்டோம். அப்படிப்பட்ட நாம், முழுமையாகப் பிறந்த ஒரு குட்டியைக் காசு கொடுத்து மூளியாக்கி, அதனை அழகு என்று சொல்லலாமா?

இங்கே ஒரு விளக்கமும் தேவை. பெங்களூர்த் தெருக்களில் காது நுனியில் சிறு வெட்டுள்ள நாய்கள் பலவற்றை நீங்கள் கண்டிருப்பீர்கள். அது அழகுக்காகச் செய்ததன்று. கருத்தடை செய்யப்பட்ட தெருநாயை அடையாளம் காண, அறுவையின்போதே மயக்க நிலையில் இடப்படும் குறி அது. ஒருமுறை பிடித்த நாயை மறுமுறையும் பிடித்து வருத்தாமல் இருக்க அது உதவுகிறது. அதுபோலவே, கட்டி வந்தாலும் காயம் பட்டாலும் மருத்துவர் காதில் கத்தி வைக்கத்தான் வேண்டும். நாயின் நலத்துக்காகச் செய்வது மருத்துவம். பார்ப்பவர் கண்ணுக்காகச் செய்வது உறுப்பறை. இரண்டையும் குழப்பிக்கொள்ளலாகாது.

சட்டம் என்ன சொல்கிறது? பிராணி வதைத் தடுப்புச் சட்டம் உருவான வரலாற்றில் தமிழர்கள் பெருமைப்பட ஒரு செய்தி உண்டு. 1904ஆம் ஆண்டு மதுரையில் பிறந்து, கலாக்ஷேத்திரத்தை நிறுவிய ருக்மிணி தேவி அருண்டேல் அம்மையார், 1952ஆம் ஆண்டில் மாநிலங்களவை உறுப்பினராக நியமிக்கப்பட்டார். வாயில்லா உயிர்களுக்காக ஒரு தனிநபர் மசோதாவை அவையில் கொண்டுவந்து வாதாடியவர் அவரே. அம்முயற்சியின் பயனாகவே 1960ஆம் ஆண்டின் சட்டம் பிறந்தது. அதன்கீழ் 1962இல் அமைந்த விலங்குகள் நல வாரியத்தின் முதல் தலைவரும் அவரே. கால்நடைகளின் கொம்பு நீக்கல், காயடித்தல், சூடிடல், மூக்கணாங்கயிறு கோத்தல் ஆகியவற்றை விதித்த முறைப்படி செய்தால் குற்றமன்று என்று அச்சட்டம் விலக்கு அளிக்கிறது. நாயின் காதறுத்தல் அந்த விலக்குப் பட்டியலில் இல்லை.

2011ஆம் ஆண்டில் இந்தியக் கால்நடை மருத்துவ மன்றம், அழகுக்காகக் காதையும் வாலையும் வெட்டுவது உறுப்பறையே என்று கூறி, மருத்துவர்கள் அதனைச் செய்யலாகாது என்று அறிவுறுத்தியது. சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட இந்தியக் கென்னல் கிளப் அதனை எதிர்த்து வழக்குத் தொடுத்தது. 2013இல் சென்னை உயர் நீதிமன்றம் அந்த அறிவுறுத்தலை விலக்கித் தீர்ப்பளித்தது. ஒரு சொல்லின் எல்லை எதுவரை என்பது, பாருங்கள், வழக்குமன்றம் வரை சென்றுவிட்டது. பிறகு 2017இல் நாய் வளர்ப்பு, விற்பனை பற்றிய மத்திய அரசு விதிகள் வந்தன. நாய்களை இனப்பெருக்கி விற்போர் மாநில விலங்குகள் நல வாரியத்தில் பதிவு செய்துகொள்ள வேண்டும் என்றும், எட்டு வாரத்துக்குக் குறைந்த குட்டியை விற்கலாகாது என்றும் அவை கூறுகின்றன. இத்தனை இருந்தும், வதைக்காக 1960இல் விதித்த தண்டம், முதல் குற்றத்துக்குப் பத்து ரூபாய் முதல் ஐம்பது ரூபாய் வரைதான். இன்றைய பெங்களூரில் ஐம்பது ரூபாய்க்கு ஒரு மசால் தோசையும் காப்பியும் சேர்ந்து கிடைப்பதே அரிது.

பிற நாடுகளின் நிலையையும் சிறிது நோக்குவோம். பிரிட்டனில் 19ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே காதறுத்த நாய்களைக் கண்காட்சியிலிருந்து விலக்கிவிட்டனர். 1987ஆம் ஆண்டு ஸ்ட்ராஸ்பர்க் நகரில் உருவான ஐரோப்பிய வளர்ப்பு விலங்குப் பாதுகாப்பு உடன்படிக்கை, காதறுத்தலையும் வால் வெட்டுதலையும் குரல் நீக்குதலையும் கண்டித்து விலக்குகிறது. டாபர்மன் பிறந்த ஜெர்மனியிலேயே காதறுத்தல் தடை செய்யப்பட்டுவிட்டது. அந்த இனத்துக்கு அனைத்துலகக் கூட்டமைப்பு வகுத்துள்ள இலக்கணம், காதை இயல்பாக விட வேண்டும் என்று இன்று கூறுகிறது. அமெரிக்காவில் வழக்கம் இன்னும் நிற்கிறது; ஆயினும், அந்நாட்டுக் கால்நடை மருத்துவச் சங்கம் 2008இல், அழகுக்காக இவற்றைச் செய்வதை எதிர்ப்பதாக அறிவித்துவிட்டது. பிறந்த வீடு கைவிட்ட பழக்கத்தை நாம் ஏன் தத்தெடுத்து வளர்க்க வேண்டும்?

இயற்கையான காதின் அழகைக் காண வெளிநாட்டுக்குப் போக வேண்டியதில்லை. நமக்கு வாழ்வளிக்கும் இந்தக் கர்நாடக மாநிலத்தில் முதோள் நாய் இருக்கிறது. தமிழகத்தில் இராசபாளையம் இருக்கிறது. இவ்விரண்டையும் சேர்த்து நான்கு இந்திய இனங்களுக்கு 2005ஆம் ஆண்டில் அஞ்சல்துறை தபால்தலை வெளியிட்டுச் சிறப்பித்தது. மடிந்த காதும் நீண்ட வாலும் உடைய இவை வேட்டையிலும் காவலிலும் பேர் பெற்றவை. காது மடிந்திருப்பதால் இவற்றின் வீரம் எள்ளளவும் குறையவில்லை. கன்னடத்தார் 'கிவி' என்பதை நாம் 'செவி' என்கிறோம். 'நாய்' இரு மொழியிலும் ஒன்றே. இரு மொழியாரும் கூடி வாழும் இந்நகரில் இக்கருத்தைப் பரப்புவது அத்துணைக் கடினமான செயலன்று.

கத்தியைப் பிடிப்பவர் யாராயினும், அதற்குக் கூலி கொடுப்பவர் வாங்குகிறவர்தாம். 'காதறுத்த குட்டியே வேண்டும்' என்று நாம் கேட்பதால்தான் அறுக்கிறார்கள். 'காதோடும் வாலோடும் உள்ள குட்டி கொடுங்கள். இல்லையேல் வேண்டாம்' என்று நாம் கேட்கத் தொடங்கினால் அறுப்பது தானே நின்றுவிடும். வால் பிறந்த சில நாளில் போய்விடுவதால், குட்டி பிறக்குமுன்பே சொல்லி வைப்பது நல்லது. இன்ன இனம் வாங்கலாமா என்ற ஐயம் இருந்தால், 1958 முதல் இயங்கிவரும் ஹெப்பாள் கால்நடை மருத்துவக் கல்லூரியில் படித்து வந்த மருத்துவர்கள் இந்நகரெங்கும் இருக்கிறார்கள், அவர்களைக் கேளுங்கள். 1991இல் இங்கே தொடங்கிய கூபா போன்ற தொண்டு நிறுவனங்கள், வீடில்லாத நாய்களுக்கு வீடு தேடித் தருகின்றன. விலை கொடுக்காமலும் ஒரு தோழனைப் பெறலாம்.

கரிகாலனுக்கு இப்போது மூன்று வயது நிறைந்துவிட்டது. ஒரு காது நிமிர்ந்து நிற்கிறது. மற்றொன்று பாதியில் சாய்ந்துவிட்டது. வாங்கிய செலவும் வலியும் வீண். ஆயினும் வீட்டுக்காரரின் வண்டி ஓசை கேட்டதும் ஓடி வருகிறது. ஆட்டுவதற்கு வால் இல்லாததால், உடம்பின் பின்பாதி முழுவதையும் ஆட்டுகிறது. எறிந்த வேல் உடம்பில் தைத்திருக்கும்போதும் எறிந்தவனிடம் அன்பு காட்டும் நாயின் நட்பை நாலடியார் போற்றுகிறது. அந்தச் செய்யுளைக் கல்லூரியில் மனப்பாடம் செய்து மதிப்பெண் பெற்றவன் நான். அதன் பொருளை எனக்கு உணர்த்தியது, எங்கள் கீழ்வீட்டு வாசல்தான்.

சென்ற மாதம் அந்நண்பர் தொலைபேசியில் பேசிக்கொண்டிருந்தது என் காதில் விழுந்தது. ஓசூரில் உள்ள அவருடைய மைத்துனர் டாபர்மன் குட்டி வாங்கப் போகிறாராம். "மாப்பிள்ளை, அது கிராப்பு இல்லை, காதை அறுக்கிறது. நான் செய்துவிட்டுப் படுகிறேன். நீங்கள் செய்யாதீர்கள். காதும் வாலும் அப்படியே இருக்கட்டும்" என்று அவர் சொல்லிக்கொண்டிருந்தார். பல்லாண்டு மொழிபெயர்த்துப் பழகிய நான் சொல்லத் தவறிய சொல்லை, அவர் நேர் தமிழில் சொல்லிவிட்டார்.

உங்கள் அண்டை வீட்டாரும் ஒருநாள் உங்களிடம் வந்து, "என்ன சொல்கிறீர்கள்?" என்று கேட்கக்கூடும். அப்போது "உங்கள் விருப்பம்" என்று சொல்லிவிடாதீர்கள்.